கரடியார் உட்காரும் இடம்

ஒரு காட்டில் அலறுவதற்கென்றே ஒரு நிறுவனம் இருந்தது.

சிறுத்தை வந்தால் அலற வேண்டும். செந்நாய் வந்தால் அலற வேண்டும். தோளில் துப்பாக்கியோடு மனிதன் வந்தால் இரண்டு மடங்கு அலற வேண்டும். அதைக் கேட்டு மான்களும் பன்றிகளும் முயல்களும் ஓடி ஒளியும். பிழைத்துக் கிடப்பவை நன்றியோடு நெல்லிக்காயும் கிழங்கும் கொண்டுவந்து வைக்கும். பிழைக்காதவை சந்தாவைப் புதுப்பிப்பதில்லை. இதுதான் தொழில்.

நிறுவனத்தின் மேலாளர் ஒரு கரடி. பெயர் கம்பளியப்பர். ஊழியர் நலனைக் கவனித்துக்கொள்ள ஒரு மைனா. பெயர் இன்சொல்லான். கெட்ட செய்தியைக்கூடத் தேனில் குழைத்துக் கொடுப்பான். விழுங்கி வெகுநேரம் கழித்துத்தான் கசக்கும். இவர்கள் இருவரும் அலறுவதில்லை. அலறுகிறவர்கள் வேறு: மயில், குரைக்கும் மான், அணில்கள், கருமுகக் குரங்குகள், ஆள்காட்டிக் குருவி.

முன்காலத்தில் எல்லாரும் காட்டின் நடுவே நின்ற பெரிய ஆலமரத்தில்தான் கூடி உட்கார்ந்திருப்பார்கள். சிறுத்தை புறப்பட்ட செய்தியைக் காகம் கொண்டுவரும். காகத்தின் பேச்சை நம்பலாமா என்று விசாரிப்பார்கள். நம்பலாம் என்று முடிவானதும் ஒரே குரலில் அலறுவார்கள். அதற்குள் சிறுத்தை சாப்பிட்டு முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டிருக்கும்.

ஒரு வருடம் பெருமழை பெய்து ஆலமரத்தைச் சுற்றி வெள்ளம் கட்டிக்கொண்டது. "வேறு வழியில்லை, அவரவர் இருக்கிற இடத்திலிருந்தே அலறுங்கள்" என்றார் கம்பளியப்பர். அப்போதுதான் ஓர் அதிசயம் நடந்தது. மயில் குன்றிலிருந்து அலறியது. குரங்குகள் மருதமர உச்சியிலிருந்து அலறின. ஆள்காட்டிக் குருவி ஆற்றுப் படுகையிலிருந்து அலறியது. சிறுத்தை எந்தப் பக்கம் காலெடுத்து வைத்தாலும் அது யாராவது ஒருவர் வீட்டு வாசலாக இருந்தது. அந்த வருடம் அது வெட்டுக்கிளி தின்று காலம் தள்ளியதாகக் கேள்வி.

வெள்ளம் வடிந்தது. ஆலமரம் காய்ந்தது. ஆனால் யாரும் திரும்பி வரவில்லை. வேலை நன்றாக நடந்துகொண்டிருந்ததால், வர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

கம்பளியப்பருக்கு மட்டும் தோன்றியது.

ஆற்றுப் படுகையில் இருந்த ஆள்காட்டிக் குருவியின் பெயர் சிலம்பாயி. அந்தக் காட்டில் அவள் குரலுக்கு இணையான குரல் இல்லை. "டிட்டீ, டிட்டிட்டீ" என்று அவள் ஒருமுறை எழும்பினால் மூன்று குன்றுக்கு அப்பால் மேய்கிற மான்கூட வாயில் வைத்த புல்லை விழுங்காமல் தலை தூக்கும்.

அவள் கூடு கட்டுகிற சாதி இல்லை. வறண்ட படுகையில் கூழாங்கற்களுக்கு நடுவே லேசாகப் பள்ளம் பறித்து முட்டையிடுகிற சாதி. முட்டைகளும் கூழாங்கல் நிறம்தான். பக்கத்தில் நின்று பார்த்தாலும் கல் எது, கரு எது என்று தெரியாது. இந்தக் கோடையில் நான்கு இட்டிருந்தாள். இட்ட வாரமே அவள் கணவனை வல்லூறு கொண்டுபோயிற்று. அழுவதற்கு நேரமில்லை. எழுந்தால் முட்டை காய்ந்துவிடும்.

வெயில் ஏறிய பிறகு படுகைக் கல் அடுப்புக் கல்லாகிவிடும். அப்போது சிலம்பாயி ஓடிப்போய் பக்கத்துக் குட்டையில் வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வருவாள். ஈர வயிற்றோடு முட்டைகளின் மேல் உட்காருவாள். சிறகு உலர்ந்ததும் மறுபடி ஓடுவாள். ஓடுவதும் உட்காருவதுமாகப் பகல் போகும். கண் மட்டும் கரையில் இருக்கும். எதிர்க்கரை நாணலில் ஒரு தண்டு தவறாக ஆடினால் போதும், உட்கார்ந்தபடியே அலறுவாள். அடைகாப்பதற்கும் காவல்காப்பதற்கும் ஒரே இருப்பு போதுமானதாக இருந்தது. இரண்டு வேலைக்கும் ஒரு துளி குந்தகமில்லை.

இப்படி இருக்கும்போதுதான் இன்சொல்லான் வந்து ஒரு கல்மேல் உட்கார்ந்தான்.

"சிலம்பாயிம்மா, சௌக்கியமா? முகமெல்லாம் ஒரு களை வந்திருக்கே."

"வெயில் தம்பி. என்ன விஷயம்?"

"நல்ல விஷயந்தான். நாளையிலேருந்து எல்லாரும் ஆலமரத்துக்கு வந்து உட்கார்ந்து அலறணும்னு ஐயா ஆசைப்படுறார்."

"ஆசைப்படுறாரா, சொல்றாரா?"

"ஆசையாச் சொல்றார்."

சிலம்பாயி எழுந்து நின்றாள். காலுக்கு அடியில் நான்கு முட்டைகளும் தெரிந்தன. "தம்பி, இதைப் பாரு. இதை விட்டுட்டு எப்படி வர்றது?"

இன்சொல்லான் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "அடடா, அழகா இருக்கு. நிறுவனம் குடும்பங்களை ரொம்ப மதிக்குது சிலம்பாயிம்மா. ஆலமரத்துப் பொந்துல முட்டை வைக்கிறதுக்குன்னே ஒரு அறை ஒதுக்கியிருக்கோம்."

"அப்படியா!"

"இப்போதைக்கு அதுல ஒரு பாம்பு இருக்கு. அதுகிட்டப் பேச்சு வார்த்தை நடந்துக்கிட்டிருக்கு."

"பாம்பு என்ன சொல்லுது?"

"முட்டை அறைங்கிற யோசனைக்கு முழு ஆதரவுன்னு சொல்லுது."

சிலம்பாயி மறுபடி உட்கார்ந்தாள். "தம்பி, இங்கிருந்து அலறினா என்ன குறை? போன மாசம் சிறுத்தை இந்தக் கரை வழியா எத்தனை தரம் வந்துச்சு? ஒரு தரமாவது விட்டேனா?"

"உங்க வேலையில குறையே இல்லம்மா. நீங்க வேலை செய்றது ஐயாவுக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

"மூணு குன்று தாண்டிக் கேட்குதே!"

"கேட்குது. தெரியலை" என்று சொல்லிவிட்டு இன்சொல்லான் அடுத்த மரத்துக்குப் பறந்தான்.

அடுத்த மரத்தில்தான் வாலாம்பாள் இருந்தாள். கருமுகக் குரங்கு, சிலம்பாயிக்கு அக்கா முறை. மருதமரக் கிளையிலிருந்து வாலைத் தொங்கவிட்டு, வயிற்றில் ஒட்டிக்கொண்ட குட்டியோடு, இவ்வளவு நேரமும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தாள்.

மைனா அவளிடமும் சொல்லிவிட்டுப் போன பிறகு, "அடியே சிலம்பு, நான் குட்டியை இடுப்புல தூக்கிட்டுப் போயிடுவேன், நீ என்னடி பண்ணுவே?" என்று கேட்டாள்.

"தெரியலைக்கா."

"அந்தக் கரடிகிட்டப் போய் நேரா கேளு. அவனுக்கும் ஒரு அம்மா முதுகுல சுமந்துதானே வளர்த்திருப்பா?"

"முதல்ல ஒரு நாள் போய்ப் பார்க்குறேன்க்கா. வேலை போயிட்டா அப்புறம் இந்தக் கரையில யார் என்னை இருக்க விடுவா? அலறுற குருவின்னுதான் இடம் குடுத்திருக்காங்க. சும்மா இருக்கிற குருவிக்கு எந்தக் காட்டுல இடம் இருக்கு?"

மறுநாள் விடியலில் முட்டைகளின்மேல் காய்ந்த நாணலைப் பரப்பிவிட்டுச் சிலம்பாயி ஆலமரத்துக்குப் போனாள்.

மரத்தடியில் ஈரக் களிமண் குழைத்து வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர் அதில் காலைப் பதித்துவிட்டுப் போக வேண்டும். வந்ததற்கு அதுதான் சாட்சி. அவளுக்கு முன்னால் போன மயில் காலைப் பதித்தது, கரடியாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டது, மறுபக்கமாக இறங்கிக் குன்றுக்கு நடையைக் கட்டியது. கால் இருந்தால் போதும், முழு மயில் தேவையில்லை என்று அது புரிந்துகொண்டிருந்தது. பிற்பகலில் இன்சொல்லான் போய் நயமாகப் பேசி அழைத்துவந்தான். அதுமுதல் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓர் அணில் நின்றது.

மரத்தில் யாருக்கும் தனியிடம் இல்லை. யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஆகவே யாரும் எங்கேயும் நிம்மதியாக உட்காரவில்லை. குரைக்கும் மான் வேரடியில் நின்றது. வாலாம்பாளின் வால் அதன் மூக்கில் தொங்கியது. கிளைகளைப் பற்ற வராத கால் சிலம்பாயிக்கு; தரையில் வாழ்கிறவள். ஒரு வேரின்மேல் நின்று நின்று வழுக்கினாள்.

கம்பளியப்பர் நடுவில் உட்கார்ந்து எல்லாரையும் சுற்றிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. கல்யாண வீட்டுப் பந்தியைப் பார்க்கிற பெண்ணின் தகப்பனைப்போல இருந்தார்.

"பார்த்தீங்களா, இப்பத்தான் ஒரு நிறுவனம் மாதிரி இருக்கு" என்றார்.

சற்று நேரத்தில் ஓர் அணில் சருகு அசைவதைக் கண்டு "கீச்" என்றது. அதைக் கேட்டுக் குரைக்கும் மான் குரைத்தது. மான் குரைத்ததால் குரங்குகள் அலறின. குரங்குகள் அலறியதால் அணில் இன்னும் பலமாக அலறியது, ஏனென்றால் தான் நினைத்ததைவிட ஆபத்து பெரியது என்று அதற்கு இப்போதுதான் புரிந்தது. கடைசியில் பார்த்தால் ஓணான்.

கம்பளியப்பர் காதைப் பொத்திக்கொண்டார். அலறல் நிறுவனத்தை நடத்தினாரே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து அலறலை அவர் கேட்டதில்லை.

இன்சொல்லான் உடனே கிளை கிளையாகப் போய்ச் சொன்னான்: "கண்ணுங்களா, எல்லாரும் ஒரே இடத்துல இருக்கோம் இல்லையா, ஒருத்தர் அலறினா இன்னொருத்தர் வேலை கெடும். அதனால இங்க யாரும் சத்தம் போட வேண்டாம். அலற வேண்டியது இருந்தா மெதுவா அலறுங்க." எல்லார் காதுக்கும் இலவம்பஞ்சு கொடுத்தான்.

உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் சிறுத்தை வந்தது.

ஆலமரத்தின் அடியிலேயே வந்தது. இத்தனை பேரை ஒரே மரத்தில் அது பார்த்ததில்லை. நின்று நிமிர்ந்து பார்த்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். தொண்டைகள் எல்லாம் தாமாகத் திறந்தன. பிறகு கரடியார் பக்கம் திரும்பிப் பார்த்து மூடிக்கொண்டன.

"சிறுத்தை" என்று குரைக்கும் மான் முணுமுணுத்தது.

"என்ன?" என்று பஞ்சை எடுத்துவிட்டு அணில் கேட்டது.

"சிறுத்தைன்னு சொன்னேன்."

"மெதுவா" என்றான் இன்சொல்லான். "முதல்ல எல்லாரும் உட்கார்ந்து பேசி, இது சிறுத்தைதானான்னு ஒரு முடிவுக்கு வந்துடலாமே. ஆளுக்கு ஆள் ஒரு கருத்து இருக்கும்."

"எனக்கு ஒரே கருத்துதான் இருக்கு" என்றாள் வாலாம்பாள், குட்டியை இறுக்கிக்கொண்டு.

பேசினார்கள். புள்ளி இருப்பதாக ஒருசாரார். நிழல் விழுந்தால் எல்லாவற்றிலும் புள்ளி இருக்கும் என்று இன்னொரு சாரார். சிறுத்தை பணிவாகத் தலையாட்டிவிட்டு, மான்கள் மேயும் புல்வெளிப் பக்கம் போயிற்று. அவசரப்படவில்லை. வெகுநாளைக்குப் பிறகு அது நடந்து போய்ச் சாப்பிட்டது.

பொழுது சாயும்போது கம்பளியப்பர் எழுந்து நின்றார். "அந்த ஓணானுக்கு அப்புறம் இன்னைக்கு ஒரு அலறல்கூட இல்லை. காடு இவ்வளவு பத்திரமா இருந்து நான் பார்த்ததில்லை. இதெல்லாம் நாம ஒண்ணா உட்கார்ந்ததோட பலன்."

கடைசிச் சொல் முடிவதற்குள் சிலம்பாயி பறந்துவிட்டாள்.

படுகையில் நாணல் கலைந்து கிடந்தது. மணலில் உடும்பின் வால் இழுத்துப்போன கோடு நீளமாக, நிதானமாகத் தெரிந்தது. முட்டைகள் மூன்று இருந்தன.

ஒன்றைக் காணவில்லை என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகும் அவள் கல் கல்லாகத் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு கல்லும் முட்டையைப்போலவே சூடாக இருந்தது. பிறகு மூன்றையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே ஏதோ மெல்ல அசைந்தது. இன்னும் உயிர் இருந்தது. இன்னொரு பகலைத் தாங்குகிற உயிர் இல்லை.

வாலாம்பாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

விடிந்ததும் சிலம்பாயி எல்லாருக்கும் முன்னால் ஆலமரத்துக்குப் போனாள். கம்பளியப்பர் தனியாக உட்கார்ந்து உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு முட்டை போயிடுச்சு. மூணு இருக்கு. அதுங்க பொரியிற வரைக்கும் நான் என் இடத்திலேருந்தே அலறுறேன்."

கரடியார் வருத்தப்பட்டார். அது பொய் வருத்தம் இல்லை. "என்னம்மா இது, ஒரு முட்டை போச்சா? ச்ச. ஆனா உன் ஒருத்திக்கு விட்டா, நாளைக்கு மயில் இறகு உதிருதும்பான், மான் கொம்பு அரிக்குதும்பான். அப்புறம் இங்க யார் இருப்பா?"

"அவங்க இல்லாட்டியும் வேலை நடந்துச்சே ஐயா?"

கம்பளியப்பர் ஆலமரத்து விழுதொன்றைப் பிடித்து மெல்ல ஆட்டினார்.

"நடந்துச்சு" என்றார். "அதைத்தானே சொல்றேன். நீங்க யாரும் இல்லாம நான் இந்த மரத்தடியில உட்கார்ந்திருந்தேன். காடு பூரா வேலை நடக்குது. எனக்கு ஒரு வேலையும் இல்லை. 'சிறப்பு'ன்னு சொல்லிப் பார்த்தேன். யாரும் இல்லை. 'இது சரியில்லை'ன்னு சொல்லிப் பார்த்தேன். அதுக்கும் யாரும் இல்லை. ஒரு நாள் ஒரு கல்லைப் பார்த்துத் திட்டினேன்மா. கல்லு கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

சிலம்பாயிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. முட்டைகள் வெயிலில் இருக்கும்போது வருகிற இரக்கம் நீளமானதாக இருக்காது.

"அப்ப இந்த ஆலமரம்தான் முக்கியம்னு இல்லையா ஐயா?"

"மரத்துல என்னம்மா இருக்கு? எறும்பு கடிக்குது. நான் உட்கார்ற இடம்தான் அலுவலகம். நான் பார்க்கிற மாதிரி எல்லாரும் இருக்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா ஐயா?"

"அவ்வளவுதான்."

சிலம்பாயி தலையாட்டினாள். இரண்டடி நடந்தாள். சட்டென்று இடது இறக்கை மடங்கித் தொங்க, தரையில் சாய்ந்து, பரிதாபமாகக் கத்தத் தொடங்கினாள்.

இது அவள் குலத்தின் வித்தை. பகை முட்டையை நெருங்கினால் தாய்க்குருவி இறக்கை முறிந்ததுபோல நடிக்கும். நொண்டி நொண்டித் தரையில் புரண்டு போகும். எளிதில் பிடித்துவிடலாம் என்று பகை பின்னால் வரும். தொலைதூரம் இழுத்துப்போன பிறகு தாய் எழும்பிப் பறந்துவிடும். குஞ்சாக முட்டையிலிருந்து வரும்போதே இந்த வித்தை கூடவே வருகிறது. யாரும் கற்றுக்கொடுப்பதில்லை.

கம்பளியப்பர் "அடடா, ஊழியருக்கு அடிபட்டுவிட்டதே!" என்று பதறி எழுந்தார். உதவி செய்யத்தான் ஓடினார் என்று இன்சொல்லான் பிறகு எல்லாரிடமும் சொன்னான். வாயில் ஏன் அவ்வளவு எச்சில் ஊறியது என்பதை அவன் சொல்லவில்லை.

சிலம்பாயி புரண்டாள், துடித்தாள், கைக்கெட்டும் தூரத்தில் விழுந்தாள், எழுந்தாள். கரடி பின்னால் வந்தது. ஆனால் அவள் கால்கள் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. முட்டை வடக்கே இருந்தால் தெற்கே ஓடு என்று ஆயிரம் தாய்மார்கள் அந்தக் கால்களுக்குள் இருந்து சொன்னார்கள். ஒவ்வொரு புதரிலும் கால் தானாகத் திரும்பியது. ஒவ்வொரு புதரிலும் அவள் அதைத் திருப்பிப் பிடித்தாள். முட்டை தின்னத் தெரிந்த மிருகத்தை முட்டையை நோக்கியே அழைத்துப்போன ஆள்காட்டி அவளுக்கு முன்னால் அந்தக் குலத்தில் இல்லை.

படுகை வந்தது. மூன்று முட்டைகளிலிருந்து பத்துத் தப்படி தள்ளி ஒரு பழைய கறையான் புற்று இருந்தது, ஆள் உயரம். அதன் நிழலில் போய் அவள் கடைசியாக ஒருமுறை விழுந்தாள்.

கம்பளியப்பர் மூச்சிரைக்க வந்து கையை ஓங்கினார். ஓங்கிய கை நின்றது. மூக்கு திரும்பியது. புற்றின் ஒரு துவாரத்தில் வாயை வைத்துக் கறையானை உறிஞ்சினார். கண் மூடிக்கொண்டது. இன்னொரு துவாரம். இன்னொன்று. அடிபட்ட ஊழியரை அவர் மறந்தார். ஆலமரத்தையும் மறந்தார். மெதுவாகப் புற்றடியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்துவிட்டார்.

சிலம்பாயி நடந்து போய், இறக்கையை உதறி மடித்துக்கொண்டு, முட்டைகளின்மேல் அமர்ந்தாள்.

மேலாளர் ஓடிய திசையில் மைனா வந்தான். மைனா வந்த திசையில் மற்றவர்கள் வந்தார்கள். கரடியாரின் வாயெல்லாம் மண்ணாக இருப்பதைப் பார்த்த இன்சொல்லானுக்கு ஒரு கணம்தான் தேவைப்பட்டது.

"கண்ணுங்களா, ஐயா வெகுகாலமா ஆலோசிச்சு ஒரு முடிவு எடுத்திருக்கார். இன்னையிலேருந்து நம்ம அலுவலகம் திறந்த வெளியில. காற்று, வெளிச்சம், ஒருத்தரை ஒருத்தர் மறைக்கிற இலையே இல்லை."

"நிழலும் இல்லையே" என்றாள் வாலாம்பாள்.

"அதைத்தானே வெளிச்சம்னு சொன்னேன்" என்றான் இன்சொல்லான்.

கம்பளியப்பர் ஏப்பம் விட்டுத் திரும்பினார். கற்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த சிலம்பாயியைப் பார்த்தார். "நீ... உனக்கு இறக்கை?"

"ஐயா பின்னாலேயே வந்தீங்களே, அந்த ஆதரவுலயே சரியாயிடுச்சு. ஒரே ஒரு விண்ணப்பம். ஓடி ஓடி உடம்பு சோர்ந்துபோச்சு. இந்த இடத்தை எனக்குன்னே குடுத்துடுங்க. நான் எழுந்து போனாலும் இங்க வேற யாரும் கால் வைக்கக் கூடாது."

எல்லாரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள். முள்ளும் கல்லுமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. கரடியார் தாராளமாக அனுமதித்தார்.

அதன்பிறகு அந்தக் காட்டிலேயே மிகுந்த பாதுகாப்போடு இருந்தவை மூன்று முட்டைகள்தாம். குரங்குகள், மான், மயில், அணில்கள் எல்லாரும் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். உடும்பு ஒருநாள் நாணலுக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. தன்னை வரவேற்க இத்தனை பேரா என்று திகைத்துப் போய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. உச்சியில் வட்டமிட்ட வல்லூறும் கரடியைப் பார்த்துவிட்டு வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய்க் காணாமல் போயிற்று.

காட்டின் மற்ற பகுதிகளில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் எல்லாரும் படுகையில் இருந்தார்கள். ஒருநாள் ஒரு புள்ளிமான் வந்து, தன் கன்றைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது, யாரும் அலறவில்லை என்று சொல்லி நின்றது. இன்சொல்லான் கண்கலங்கிக் கேட்டுக்கொண்டான். "உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம்மா" என்றான். புள்ளிமான் சற்றுநேரம் நின்று பார்த்தது. பிறகு போய்விட்டது. அதன்பின் மான்கள் தங்கள் காதைத் தாங்களே தீட்டிக்கொண்டன. நெல்லிக்காய் கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டன. புகார் வருவது நின்றுவிட்டதால் வாடிக்கையாளர்களுக்கு மனநிறைவு கூடியிருப்பதாகக் கரடியார் அறிவித்தார்.

சிலம்பாயியை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

"இவளைப் பாருங்க எல்லாரும். நான் வர்றதுக்கு முன்னாடியே வந்திருக்கா. நான் போன பிறகும் இருக்கா. உட்கார்ந்தா எழுந்திருக்கிறதில்லை. எழுந்தாலும் குட்டை வரைக்கும் ஓடிட்டு உடனே வந்துடுறா. இதுக்குப் பேர்தான் ஈடுபாடு."

சிலம்பாயி முதலில் கூச்சப்பட்டாள். பிறகு தலை குனிந்து ஏற்றுக்கொண்டாள். கொஞ்சநாள் போனதும் தலை குனிவதை விட்டுவிட்டாள். தினமும் சொல்லக் கேட்டால், எதையும் உண்மைதானோ என்று ஒரு பறவை நினைக்கத்தானே செய்யும்.

ஒரு விடியலில் முட்டைகள் மூன்றும் பொரிந்தன. ஆள்காட்டிக் குஞ்சுகள் பிறந்த அன்றே நடக்கிறவை. ஈரம் உலர்ந்ததும் மூன்றும் குச்சிக்கால் வைத்துப் புறப்பட்டன. ஒன்று கரடியாரின் காலடியில் போய் நின்று நிமிர்ந்து பார்த்தது. ஒன்று மயில் தோகைக்குள் நுழைந்து மறுபக்கமாக வந்தது. அலுவலகமே பார்த்துச் சிரித்தது. சிலம்பாயி சிரிக்கவில்லை. மூன்றையும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு யாரும் பார்க்காத பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று பிற்பகல் வாலாம்பாள் தவழ்ந்தாற்போல வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். படுகைக் கல்லில் அவள் உள்ளங்கால் வெந்து கொப்புளித்திருந்தது. குட்டி இடுப்பில் துவண்டு கிடந்தது. மரத்தில் பிறந்த குட்டி. இலையைத் தவிர வேறு எதையும் மெல்லத் தெரியாது. படுகையில் ஏது இலை?

"சிலம்பு, குஞ்சு மூணும் நல்லா இருக்குடி. கண்ணு பட்டுடப் போகுது."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்க்கா."

"உன் கண்டம் கழிஞ்சுதுல்ல. கரடி நீ சொன்னாக் கேட்பான்டி. அவன் உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருக்கான். எங்களை அவங்கவங்க மரத்துக்கு விடச் சொல்லேன். எல்லாரையும் வேண்டாம், என்னை மட்டும். குட்டி தெளியிற வரைக்கும். நான் அந்த மருதமரத்து மேலேருந்தே அலறுறேன். இதோ, இங்கேருந்து பார்த்தாத் தெரியுது மரம்."

சிலம்பாயி மருதமரத்தைப் பார்த்தாள். பக்கத்தில்தான் இருந்தது. காற்றில் அதன் இலைகள் புரண்டு வெளிறித் தெரிந்தன. வாலாம்பாள் போனால் நாளை மயில் போகும். மயில் போனால் மான் போகும். வட்டம் கலையும். திறந்த படுகையில் மூன்று குச்சிக்கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வானம் பெரியது, அதில் எங்கோ வல்லூறு இருந்தது.

ஒரு குஞ்சு ஓடிவந்து வாலாம்பாளின் வால் நிழலில் ஒதுங்கி உட்கார்ந்தது. குளுமையாக இருந்ததுபோலும்; கண்ணை மூடிக்கொண்டது.

சிலம்பாயி அந்தக் குஞ்சைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆற்று நீரைப்போல மெதுவான குரலில் கேட்டாள்:

"வர்றதுக்கு அப்படி என்னக்கா கஷ்டம்? நான் தினமும் வரலையா?"

நீதி: முட்டையிடும் முன் மேலாளர் எங்கே உட்காருவார் என்று பார். இட்டபின் தெரியவந்தால் அவர் உட்காரும் இடத்தை மாற்று. அடுத்த வீட்டுக் குட்டி அடுத்த வீட்டுக்காரர் பாடு.